மூன்று மாவும் ஓர் ஏக்கரும் ஒன்றா? டெல்டாவில் எதை எந்த அளவையில் கணக்கிடுவது

பாகப் பத்திரம் எழுத உட்காரும் டெல்டாக் குடும்பங்களில் ஒரே வயல் மூன்று விதமாகப் பேசப்படும். தாத்தா அதை "வாய்க்கால் கரை மூணு மா" என்பார். அவருடைய மகன் "ஓர் ஏக்கர்" என்பார். சென்னையிலிருந்து வந்த பேரன் கைப்பேசியில் பட்டாவைத் திறந்து 0.40.50 என்று வாசிப்பான். மூவரும் சொல்வது ஒன்றுதான் என்று எல்லாரும் தலையாட்டிவிட்டு அடுத்த சர்வே எண்ணுக்குப் போய்விடுவார்கள். ஆனால் மூன்று மா என்பது 43,200 சதுர அடி. ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. பட்டாவில் உள்ள 40.50 ஏர் என்பது 4,050 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 43,594 சதுர அடி. தாத்தாவின் சொல்லுக்கும் பேரனின் திரைக்கும் நடுவே 394 சதுர அடி இருக்கிறது. இருபதுக்கு இருபது கூடம் ஒன்று ஏறக்குறைய அதில் அடங்கிவிடும். வயலாக இருக்கும்வரை அந்த வேறுபாடு யாருக்கும் உறைக்காது. பக்கத்தில் புறவழிச்சாலை வந்து, வயல் மனையாகும் நாளில்தான் உறைக்கும்.

முழுவதும் மெட்ரிக் முறைக்கே மாறிவிடலாமா, அடி, அங்குலம், ஏக்கர் என்ற ஆங்கிலேய அளவையிலேயே இருந்துவிடலாமா என்று நிலம் வாங்குகிறவர்களும் வீடு கட்டுகிறவர்களும் கேட்கிறார்கள். காவிரிப் பாசனப் பகுதியில் இந்தக் கேள்வி இரண்டோடு நிற்பதில்லை. குழி, மா, வேலி, மரக்கால், கலம், முழம் என்ற ஊர் அளவையும் மூன்றாவதாக வந்து நிற்கிறது. வாழ்க்கை முழுமைக்கும் ஒரே அளவையைத் தேர்ந்தெடுக்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை என்பதும், ஒரு கொடுக்கல் வாங்கலுக்குள் ஒரே அளவைதான் இருக்க வேண்டும் என்பதும் என் கருத்து. மூன்று அளவைகளில் எதுவும் தன்னளவில் தவறானதல்ல. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டும்போது "சுமாராக" என்று முழு எண்ணாக்குகிறோமே, பணம் அந்த இடத்தில்தான் வழிந்து போகிறது.

## எதைக் கொண்டு எடைபோடுவது

ஓர் அளவையைத் தேர்ந்தெடுக்குமுன் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். தகராறு வந்தால் அரசும் நீதிமன்றமும் எந்த அளவையைப் பார்க்கும் என்பது முதல் கேள்வி. எதிரில் நிற்பவர், அதாவது கொத்தனாரோ வியாபாரியோ நீர் திறக்கும் ஊழியரோ, எந்த அளவையில் கை பழகியவர் என்பது இரண்டாவது. காகிதமும் பேனாவும் இல்லாமல் வரப்பில் நின்றபடி கணக்குப் போட முடியுமா என்பது மூன்றாவது. முழு எண்ணாக்கினால் எவ்வளவு தவறும், அந்தத் தவறு யார் பக்கம் சாயும் என்பது நான்காவது. பெரும்பாலோர் முதல் மூன்றோடு நின்றுவிடுகிறார்கள்.

முதல் கேள்விக்கான பதிலைப் பொதுவாகச் சொல்லிவிடலாம். எடையளவுகளுக்கான மத்தியச் சட்டம் 1956இல் இயற்றப்பட்டு, 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் அளவுகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. இப்போது நடப்பில் இருப்பது 2011 ஏப்ரலில் அமலுக்கு வந்த 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம். அதன்படி வணிகத்தில் விலை சொல்வதும் பொருளை அளந்து கொடுப்பதும் மெட்ரிக் அலகுகளில்தான் இருக்க வேண்டும். நடைமுறை வேறாக இருக்கிறது என்பது கடைத்தெருவில் ஒரு நடை போய்வந்தால் தெரிந்துவிடும். ஆகவே பேச்சில் புழங்கும் அளவை, பணம் கைமாறும்போது பிடித்துக்கொள்ள வேண்டிய அளவை, இரண்டையும் குழப்பினால் வரும் பிழை ஆகியவற்றைக் கீழே பிரித்துத் தந்திருக்கிறேன்.

| பொருள் | பேச்சில் | பணத்துக்கும் பத்திரத்துக்கும் | குழப்பினால் வரும் பிழை |
|---|---|---|---|
| நிலம் | மா, ஏக்கர், சென்ட் | சதுர மீட்டர் | மூன்று மாவை ஓர் ஏக்கர் என்றால் 360 சதுர அடி |
| பாசன நீர் | கன அடி, டி.எம்.சி. | கன அடியே போதும் | மழைக் கணக்கோடு சேர்க்கும்போது மட்டும் |
| தரை ஓடு | இரண்டுக்கு இரண்டு | மில்லிமீட்டர் | நூறு ஓட்டுக்கு 12½ சதுர அடி |
| கட்டுமானக் கம்பி | 40 அடி | கிலோ | ஒரு கம்பிக்கு ஏழரை அங்குலம் |
| நெல் | மூட்டை, கலம் | குவிண்டால் | 40 கிலோவா 60 கிலோவா என்ற மயக்கம் |
| யூரியா | மூட்டை | கிலோ | மூட்டைக்கு 5 கிலோ |
| தங்கம் | பவுன் | கிராம் | இல்லை |

## நிலம்

### ஊர் அளவை

பன்னிரண்டு அடிக் கோலால் பக்கத்துக்கு ஒரு கோல் அளந்தால் அது ஒரு குழி, அதாவது 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. மா என்ற சொல்லுக்கே இருபதில் ஒரு பங்கு என்று பொருள் இருப்பதால், வேலியைப் பங்கு போடும் கணக்கு அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. நடவு, உழவு, அறுவடை இயந்திர வாடகை, விளைச்சல் எல்லாமே இன்றும் மாவுக்கு இவ்வளவு என்றுதான் பேசப்படுகின்றன. வரப்பில் நின்றபடி வேலைக்கு ஆள் பேசுவதற்கு இதைவிட எளிதான அளவை கிடையாது என்பேன். ஒரு மா கண்ணுக்கு அடங்குகிற பரப்பு, ஹெக்டேர் அப்படி அடங்காது.

மறைந்திருக்கும் செலவு முழு எண்ணாக்குவதில் இருக்கிறது. குழிக் கணக்கின்படி ஒரு வேலி 2,88,000 சதுர அடி, அதாவது 6.61 ஏக்கர். மூன்று மா ஓர் ஏக்கர் என்ற வாய்க்கணக்கில் அதே வேலி 6.67 ஏக்கராகிவிடும். வேறுபாடு 2,400 சதுர அடி. சென்னைக்காரர்கள் ஒரு கிரவுண்ட் என்று சொல்வது மிகச் சரியாக அந்தப் பரப்பைத்தான். ஏக்கருக்கு இவ்வளவு என்று விலை பேசிவிட்டு, பரப்பை வேலியில் சொல்லி, 6.67 ஆல் பெருக்கி முன்பணம் வாங்கினால், வாங்குகிறவர் இல்லாத ஒரு கிரவுண்டுக்குச் சேர்த்துப் பணம் கொடுத்தவராகிறார். இதில் ஏமாற்று எதுவும் இருக்க வேண்டியதில்லை. இரு தரப்பும் நாணயமாக நடந்தாலும் இது நேரும்.

இன்னொரு சிக்கல் கோலில் இருக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே பன்னிரு சாண் கோலும் பதினாறு சாண் கோலும் வருகின்றன. கோல் மாறினால் குழியும் மாறும். பெயர்களும் இடத்துக்கு இடம் உருமாறுகின்றன. பின்னக் கணக்கில் காணி என்பது எண்பதில் ஒன்று, எனவே ஒரு வேலியில் ஒரு காணி 25 குழிதான். கொள்ளிடத்தைத் தாண்டி விழுப்புரம் பக்கம் போனால் ஒரு காணி 1.32 ஏக்கர். அதாவது ஒரே சொல்லுக்குள் பதினாறு மடங்கு வேறுபாடு. தாய்ப்பத்திரம் பழையதாக இருந்தால் அதைப் படித்து விளங்கிக்கொள்ள ஊர் அளவை தெரிந்தே ஆக வேண்டும். புதிய பத்திரத்தில் அதை மட்டும் எழுதக் கூடாது.

### ஏக்கரும் சென்ட்டும்

ஏக்கர், நில அளவைக்காரரின் 66 அடிச் சங்கிலியோடு வந்தது. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். அதில் நூறில் ஒன்று சென்ட், 435.6 சதுர அடி. சென்ட் என்பது ஆங்கிலேய அளவைக்குள் ஒளிந்திருக்கும் ஒரு தசமக் கணக்கு என்பதால், பாகம் பிரிக்கும்போது அது கைகொடுக்கிறது. டெல்டாவில் மனைப்பேச்சு பெரும்பாலும் சென்ட்டிலோ சதுர அடியிலோதான் நடக்கிறது; வாங்குகிறவர், விற்கிறவர், தரகர் மூவருக்கும் பொதுவான மொழியும் அதுவே. ஊர் அளவையைப்போல இது இடத்துக்கு இடம் மாறுவதில்லை. விலை பேசுவதற்கு இதைத் தேர்ந்தெடுக்கலாம்.

### ஹெக்டேரும் ஏரும்

வருவாய்த்துறைப் பதிவுகள் ஹெக்டேர், ஏர் என்ற மெட்ரிக் அளவில் இருக்கின்றன. ஓர் ஏர் நூறு சதுர மீட்டர், அதாவது 2.47 சென்ட், நூறு ஏர் ஒரு ஹெக்டேர். புதிதாகப் பட்டா படிப்பவர்கள் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. 0.13.50 என்று இருந்தால் அதைப் பதின்மூன்றரை சென்ட் என்று படித்துவிடுகிறார்கள். அது பதின்மூன்றரை ஏர்; ஏறத்தாழ 33 சென்ட், அதாவது ஒரு மாவுக்குச் சற்றுக் கூடுதல். புலப்படத்திலும் இதே கவனம் வேண்டும். பழைய படத்தில் பக்கத்தின் மேல் 120 என்று இருந்தால் அது சங்கிலியின் 120 கண்ணியாக, 79 அடியாக இருக்கலாம். புதிய படத்தில் அதே 120, மீட்டராக இருக்கலாம்.

நிலத்தைப் பொறுத்தவரை என் முடிவு இதுதான்: வேலை பேசுவது மாவில் இருக்கட்டும், விலை பேசுவது சென்ட்டில் இருக்கட்டும், கையெழுத்துப் போடுவது சதுர மீட்டரில் இருக்கட்டும். பத்திரத்தில் இரு அளவைகளையும் எழுதுவதாக இருந்தால், மீட்டர் கணக்கை முதலில் எழுதி, மற்றதை அதிலிருந்து வருவிக்க வேண்டும். மாவிலிருந்து ஏக்கருக்கும் ஏக்கரிலிருந்து ஹெக்டேருக்கும் படி இறங்கினால் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் சிந்தும். நான்கெல்லையைத் தெளிவாக எழுதுவது இவை அனைத்தையும்விட முக்கியம். எல்லையும் பரப்பும் முரண்பட்டால் நீதிமன்றங்கள் பொதுவாக எல்லைக்கே முன்னுரிமை தருகின்றன.

## தண்ணீர்

இங்கே நான் மெட்ரிக் பக்கம் நிற்கப் போவதில்லை. மேட்டூர் அணையின் முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி.; 2018இல் உச்ச நீதிமன்றம் பிலிகுண்டுலுவில் தமிழகத்துக்கு உறுதி செய்த ஆண்டுப் பங்கு 177.25 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. இந்த எண்களிலேயே ஊர் முழுதும் சிந்திக்கிறது. டீக்கடையில் "பன்னிரண்டாயிரம் திறந்திருக்கான்" என்றால் விநாடிக்குப் பன்னிரண்டாயிரம் கன அடி என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த அளவில் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி.க்குச் சற்று மேலே வரும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

பழக்கம் மட்டும் இதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன். விநாடிக்கு ஒரு கன அடி நீர் ஒரு மணி நேரம் ஓடினால் 3,600 கன அடி. அதை ஓர் ஏக்கரில் பரப்பினால் ஏறத்தாழ ஓர் அங்குலம் நிற்கும். ஏக்கர், அங்குலம், மணி, கன அடி என்ற நான்கும் இப்படி ஒன்றுக்கு ஒன்றாகப் பொருந்துவது தற்செயல்தான். ஆனால் முறைப்பாசனத்தில் மடை திறக்கும் நேரத்தை மனத்திலேயே போட்டுப் பார்ப்பவருக்கு இது பெரிய வசதி.

மழை வரும்போதுதான் இந்த வசதி குலைகிறது, ஏனெனில் மழை மில்லிமீட்டரிலும் செ.மீ.யிலும் அறிவிக்கப்படுகிறது. மெட்ரிக்கிலும் ஓர் அழகான கணக்கு உண்டு: ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய நாளில், 5 செ.மீ. மழையை இரண்டு அங்குலம் என்று கொள்ளலாம்; ஏக்கருக்கு ஒரு கன அடி வீதம் இரண்டு மணி நேரம் பாய்ச்சிய நீருக்கு அது சமம். ஊறிப்போவதையும் வழிந்தோடுவதையும் கழித்தால் இந்தச் சிறு தவறு கணக்கிலேயே வராது. ஆகவே இந்த இடத்தில் மட்டும் முழு எண்ணாக்குவதை நானும் அனுமதிக்கிறேன்.

## வீடு கட்டுதல்

வரைபட அனுமதி மீட்டரில், கொத்தனாரின் மட்டக்கோல் அடியில், தச்சரின் பேச்சு நூலில், கம்பி மில்லிமீட்டரில், மணல் யூனிட்டில் என்று ஐந்து மொழிகள் ஒரே கூரையின்கீழ் நடமாடும் இடம் கட்டுமானம்தான். ஓர் அங்குலத்தில் எட்டில் ஒன்று ஒரு நூல், அதாவது மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். ஒரு யூனிட் நூறு கன அடி, அதாவது 2.83 கன மீட்டர்.

அடிக் கணக்கின் வலிமை பகுத்தலில் இருக்கிறது. பன்னிரண்டை இரண்டாகவும் மூன்றாகவும் நான்காகவும் பின்னம் இல்லாமல் பிரிக்கலாம். ஒன்பது அங்குலச் சுவர், நாலரை அங்குலச் சுவர் என்ற இரண்டும் ஒரே செங்கல்லின் நீளமும் அகலமும்தான். அறைகளைத் திட்டமிட, ஆள் நின்று கை நீட்டிப் பார்க்கிற அளவுகளுக்கு, அடியே போதுமானது. கொத்தனாரிடம் 3.05 மீட்டர் என்று சொல்லிவிட்டு அவர் மனத்துக்குள் பத்தடியாக மாற்றிக்கொள்வதை நம்பி இருப்பதைவிட, பத்தடி என்று நாமே சொல்லிவிடுவது பாதுகாப்பு.

ஆனால் அனுமதியில் பக்கவெளி 1 மீட்டர் என்று இருந்து, கொத்தனார் அதை மூன்றடி என்று எடுத்துக்கொண்டால் எட்டரை சென்டிமீட்டர் குறைந்துவிடும். சுவர் எழும்பிய பிறகு அதைச் சரிசெய்ய வழியில்லை. 1.5 மீட்டரை ஐந்தடி என்றால் சற்றுக் கூடுதலாகத்தான் விடுவார், அதனால் கேடில்லை. ஆக, பக்கவெளியை மேல்நோக்கியே முழு எண்ணாக்க வேண்டும் என்பதைக் கடைக்கால் போடும் அன்றே சொல்லிவிட வேண்டும்.

தரை ஓட்டில் நானே அடிபட்டிருக்கிறேன். எங்கள் வீட்டுக் கூடம் இருபதடி நீளம். கடையில் "இரண்டுக்கு இரண்டு" என்று சொன்னதை நம்பி, நீளவாட்டில் பத்து ஓடு என்று கணக்குப் போட்டு வாங்கி வந்தோம். அந்த ஓட்டின் உண்மையான பக்கம் 600 மில்லிமீட்டர். இரண்டடி என்பது 609.6. பத்து ஓடு பதித்து, இணைப்புகளுக்கு இரண்டிரண்டு மில்லிமீட்டர் விட்ட பிறகும், சுவரோரத்தில் மூன்று அங்குல அகலத்துக்கு வெறும் சிமெண்டுத் தரை பல்லைக் காட்டியது. பதிப்பவர் பதினோராவது ஓட்டைப் பட்டை பட்டையாக வெட்டி ஒட்டினார். வெட்டுக்கூலி தனி, அதே நிறத்தில் கூடுதல் பெட்டி தேடி அலைந்தது தனி. பெட்டியில் நான்கு ஓடு இருந்தால் அது 16 சதுர அடி அல்ல, 15½ சதுர அடி. ஆயிரம் சதுர அடித் தரைக்கு இந்த ஒன்றாலேயே இரண்டு பெட்டி குறையும், சேதாரத்துக்கு எடுப்பது வேறு. அறையை அடியில் கட்டுங்கள். ஓடு வாங்கப் போகுமுன் அதே அறையை மீட்டர் நாடாவால் ஒருமுறை அளந்துகொண்டு போங்கள்.

கம்பியில் வழி எளிது. "நாற்பதடிக் கம்பி" என்பது 12 மீட்டர், அதாவது 39 அடி நாலரை அங்குலம். எண்ணி வாங்காமல் எடைபோட்டு வாங்கினால் இந்தக் குறை நம்மைத் தொடாது. விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை 162ஆல் வகுத்தால் மீட்டருக்கு இத்தனை கிலோ என்று வரும், 12 மி.மீ. கம்பி ஒன்று முழு நீளத்துக்குச் சுமார் 10.67 கிலோ இருக்க வேண்டும்.

## நெல், உரம், மருந்து

மூட்டை என்பது அளவையா, சாக்கா என்ற கேள்விக்கு டெல்டாவில் இன்னும் தெளிவான விடை இல்லை. பழைய வழக்கில் பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம், இரண்டு கலம் ஒரு மூட்டை. அது ஏறத்தாழ 60 கிலோ என்று நிலைத்துவிட்டது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோச் சிப்பமாகப் பிடிக்கிறார்கள், விலை குவிண்டாலுக்கு அறிவிக்கப்படுகிறது. மாவுக்குப் பன்னிரண்டு மூட்டை கண்ட வயல், நிலையத்தில் பதினெட்டுச் சிப்பமாகும். இரண்டுமே 720 கிலோதான். சுமைக்கூலியை மூட்டைக்கு இவ்வளவு என்று பேசினால் எந்த மூட்டை என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மரக்கால் கொள்ளளவைத்தான் காட்டுமே தவிர எடையைக் காட்டாது. ஈர நெல்லும் காய்ந்த நெல்லும் ஒரே மரக்காலில் வேறு வேறு எடை நிற்கும் என்பதால், விற்பனைக்கு அதை எடுக்கவே கூடாது. விதை நெல்லை வீட்டுக்குள் பங்கிடுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

உரத்தில் மெட்ரிக் தவிர வேறு தேர்வு இல்லை. பரிந்துரைகள் ஹெக்டேருக்கு எழுதப்படுகின்றன. அதை ஏக்கர் என்று படித்துவிட்டால் இரண்டரை மடங்கு உரம் விழும், பயிர் சாய்வதும் பூச்சி வருவதும் அதற்குப் பிறகான கதை. ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து என்ற பரிந்துரையை முழுவதும் யூரியாவாகவே கொடுப்பதாக வைத்துக்கொண்டால், அது 326 கிலோ யூரியா. ஒரு மாவுக்கு 43 கிலோவும் சொச்சமும். தவணை தவணையாகப் பிரித்தாலும் மொத்தத்தில் மாவுக்கு ஏறக்குறைய ஒரு மூட்டை என்று வருவது நல்ல வசதி. ஆனால் யூரியா மூட்டை 2018இல் 50 கிலோவிலிருந்து 45 கிலோவாகக் குறைக்கப்பட்டது. பையை எண்ணிப் போட்டவர்களுக்கு அந்த ஆண்டிலிருந்து மூட்டைக்கு 5 கிலோ குறைந்ததை வயல்தான் சொல்லியிருக்கும்.

பூச்சிமருந்தில் மூடிக் கணக்கு இன்னும் மோசமானது. லிட்டருக்கு 2 மி.லி. என்றால் பத்து லிட்டர் தெளிப்பானுக்கு 20 மி.லி., பதினாறு லிட்டருக்கு 32 மி.லி.; "டேங்குக்கு ஒரு மூடி" என்ற கணக்கில் எந்தத் தெளிப்பான், எந்தப் புட்டியின் மூடி என்பதே தெரியாது. குழந்தைக்குக் கொடுக்கும் காய்ச்சல் மருந்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பாராசிட்டமால் பாகு ஒன்றுக்கு மேற்பட்ட செறிவுகளில் விற்கப்படுவதால், வீட்டுக் கரண்டியை விட்டுவிட்டு, புட்டியோடு வரும் மி.லி. கோடிட்ட மூடியால் அளப்பதே சரி. காய்ச்சலை மட்டும் வழக்கம்போல் பாரன்ஹீட்டிலேயே சொல்லிக்கொள்ளலாம், மருத்துவரும் "நூற்றிரண்டா?" என்றுதான் கேட்கிறார்.

## நகையும் துணியும் பூவும்

பவுனில் குழப்பமே இல்லை. இங்கிலாந்துத் தங்க நாணயத்தின் எடை 7.98 கிராம், அந்தப் பெயரை வைத்துக்கொண்டு, நம் நகைக்கடைகள் எடையை 8 கிராம் என்று நிலைநிறுத்திவிட்டன. பழைய பெயருக்கு மெட்ரிக் உடம்பு கிடைத்த இடம் இது. மாவையும் இப்படி ஏதாவது ஒரு முழு ஏருக்குக் கட்டிப்போட்டிருந்தால் இந்தக் கட்டுரையில் பாதியை எழுத வேண்டியிருந்திருக்காது.

துணியை மீட்டரில் வாங்கி அங்குலத்தில் தைப்பது எல்லாருக்கும் பழகிவிட்டது. புடவையில் மட்டும் கேட்டு வாங்க வேண்டும்: ஒன்பது கஜம் என்பது 8.23 மீட்டர், எட்டு மீட்டர்ப் புடவையை அந்தப் பெயரில் வாங்கினால் மடிசாரில் கொசுவம் குறையும்.

பூவை முழத்தில்தான் வாங்குகிறோம், அந்த முழம் பூக்காரம்மாவின் கை. சட்டப்படி அது அலகே ஆகாது. அதை 45 செ.மீ. என்று மாற்றி எழுதினாலும் எனக்கு ஒன்றும் கூடுதலாகக் கிடைக்கப் போவதில்லை, ஏனெனில் நான் காசு கொடுப்பது நீளத்துக்கு அல்ல, கட்டின் நெருக்கத்துக்கு. ஒரு முழத்தில் எத்தனை கண்ணி விழுந்திருக்கிறது என்பதை இரண்டு அளவைகளும் சொல்வதில்லை. கும்பகோணத்தில் நான் வழக்கமாக வாங்கும் அம்மாளுக்குக் கை சற்றுக் குட்டை. மல்லிகையை இடைவெளி தெரியாமல் கட்டுவார்; அதனால் பக்கத்துக் கடையின் நீளக் கையை விட்டுவிட்டு அவரிடமே வாங்குகிறேன்.